மெக்கானிக் வீட்டுக் கொப்பு

எங்கள் கராஜ் மெக்கானிக் இறந்தபோது அவருடைய செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. நேரமில்லை, சுகமில்லை என்று யாரிடமும் சாட்டுச் சொல்லவும் இல்லை. மனமில்லை, அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் திருகோணமலையில் தெருவோர மரங்களுக்குக் கொப்பு வெட்டும் கூட்டத்தில் நான் மரமேறியாக இருந்தேன். துறைமுகத்தைச் சுற்றிய தெருக்களிலும் கந்தளாய் வீதியிலும் மின்கம்பிமேல் சாயும் கொப்பெல்லாம் எங்கள் பாடு. மரத்தில் நான், கீழே என் கூட்டாளி. கிண்ணியாக்காரன். லொறி ஓட்டுவதும் கயிற்றைப் பார்ப்பதும் அவன் வேலை.

வீடோ கம்பியோ இருக்கும் இடத்தில் கொப்பைச் சும்மா விழுத்த முடியாது. கொப்பில் கயிற்றைக் கட்டி, மேலேயுள்ள கிளைக்கவட்டில் கொடுத்து, மறுநுனியை லொறியின் பின்கொக்கியில் கட்டுவோம். நான் வாளால் அறுக்க, லொறிதான் பாரத்தைத் தாங்கி நிற்கும். அறுத்து முடிந்ததும் சில்லு உருளாமல் அண்டை வைத்த கட்டைகளை அவன் எடுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, லொறியை மெல்ல மெல்லப் பின்னுக்கு விடுவான். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கொப்பு இறங்கும். அவனைப்போல இறக்க அந்தக் கூட்டத்தில் வேறு ஆளில்லை.

கட்டையை எடுப்பதற்கும் அவன் ஏறி உட்காருவதற்கும் இடையில் லொறியைப் பிடித்து நிற்பது ஹான்ட் பிரேக் ஒன்றுதான். எங்கள் லொறியில் அது வழுக்கியது. ஆறு மாதமாக மெக்கானிக்கிடம் நடையாய் நடந்தோம். அந்த மகாராசன் பல்லைக் குத்திக்கொண்டு ஒரே கதைதான் சொல்லுவார்.

"சாமான் இல்லைத் தம்பி. வந்தாப் போடுவன். இப்ப இதோட சமாளியுங்கோ."

சமாளித்தோம். ஒருநாள் கடற்கரை இறக்கத்தில் அவன் கட்டையை இழுத்த கையோடு லொறி நழுவி அவனுடைய வலது காலில் ஏறியது. நான் கவட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

பிறகு மேலதிகாரிகள் விசாரணை வைத்தார்கள். மெக்கானிக் ஒரு கடதாசியை நீட்டினார். ஹான்ட் பிரேக் போன கிழமைதான் திருத்தப்பட்டது, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதி, கீழே அவருடைய கையெழுத்து. அப்படியென்றால் சாரதிதான் அதை இழுக்க மறந்திருக்கிறான் என்று முடிவாயிற்று. நான் வாய் திறந்தேன். மரமேறிக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும் என்று அடக்கிவிட்டார்கள். கவனயீனம் என்று எழுதி அவனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கால் போனதைவிட அந்த ஒரு சொல்தான் அவனைத் தின்றது. பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்பான். "நான் இழுத்தனான் மச்சான். இழுத்த சத்தம் உனக்கும் கேட்டதுதானே?"

கேட்டது. அந்தக் கறகறப்பு மரத்தின் மேலே எனக்குத் தெளிவாகக் கேட்டது. மெக்கானிக்கின் வாயாலேயே உண்மையைக் கக்கவைப்பேன் என்று கறுவிக்கொண்டு திரிந்தேன். சாம்பல்தீவிலிருந்து வேலைக்குச் சைக்கிள் மிதிக்கும் வழியெல்லாம் இதே நினைப்புத்தான்.

சந்தர்ப்பத்தை அவரே கொண்டுவந்து தந்தார். அவருடைய வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு பெரிய வாகைக்கொப்பு வெடித்துத் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜிலிருந்து அதே லொறியைக் கமுக்கமாக எடுத்துக்கொண்டு புதுச்சாரதியையும் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய மனைவி எங்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணீர் தந்தார். நான் கயிறெல்லாம் கட்டிவிட்டு, வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னேன்.

"கட்டையள் கொண்டுவர மறந்துபோனன். ஹான்ட் பிரேக்கில மட்டும் விடுவமோ?"

அவருடைய முகம் வெளிறும், ஐயோ அது பிடிக்காது என்று கத்துவார், அதைப் புதுச்சாரதியும் கேட்பான். இதுதான் என் கணக்கு. அவர் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. நேற்றுப் பின்னேரம்தான் புதுச்சாமான் போட்டனான். இனி அசையாது."

"அப்ப முந்தித் திருத்தினது?"

"முந்தி எங்க திருத்தினது? அது செத்து எத்தினை மாசம்!"

மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். இந்த வார்த்தைக்காகத்தான் நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். கிடைத்ததும் உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. என் கூட்டாளியின் காலுக்கு ஆறு மாதமாகக் கிடைக்காத சாமான் இவருடைய ஓட்டுக்கு ஒரு பின்னேரத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் கடதாசி இவருக்கு ஞாபகத்தில்கூட இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் வாயை அடைத்தவர்களிடமா?

ஏறினேன். அறுத்தேன். கொப்பு கூரைக்கு மேலே கயிற்றில் தொங்கியது. லொறி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. நல்ல சாமான்தான். இறங்கி வந்தேன். முற்றத்தில் அவரும் மனைவியும் புதுச்சாரதியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதை மரத்திலிருந்தே கண்டிருந்தேன். நேரே போய் லொறிக்கதவைத் திறந்து ஹான்ட் பிரேக்கை விட்டேன்.

ஓடுகள் நொறுங்கிய சத்தம் இன்றைக்கும் என் காதுக்கு இனிக்கிறது. பொய் சொல்லமாட்டேன்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கத்தியபடி வீட்டுக்குள் ஓடினார். நான் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போயிருக்கிறார். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தார். தலைமயிரெல்லாம் ஓட்டுத்தூள், நெற்றியில் இரத்தம். என்னைக் கண்டதும் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு ஒண்டும் இல்லையே?"



யார் பிரேக்கை விட்டது என்று மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெளியே சொன்னால் ஞாயிற்றுக்கிழமை லொறியைக் களவாய் எடுத்ததும் வெளிவரும், பழைய கடதாசிப் பொய்யும் வெளிவரும். காற்றுக்குக் கொப்பு முறிந்தது என்று கராஜில் சொல்லி விழுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என் முகத்தை நேரே பார்க்கவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை துறையில் தோணி ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்க் கூட்டாளியிடம் சொன்னேன். மெக்கானிக் தன் வாயால் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கினான். கூரை விழுந்த இடம் வந்ததும், விபத்துக்குப் பிறகு முதல்தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எத்தினை ஓடு மச்சான்?"

"பாதிக் கூரை."

"அவன்ர மூஞ்சி எப்பிடி இருந்தது? இன்னொருக்காச் சொல்லு."

முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். இரண்டு தரமும் அந்த அம்மாவை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.