மயில்கழுத்தைப் போனுக்குள் கொண்டுவந்த அண்ணி

பார்சலில் திரும்பி வந்த அந்த மயில்கழுத்துச் சேலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நேராகப் பார்த்தால் நீலம், கொஞ்சம் சாய்த்தால் பச்சை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறம் என்பதால் வரும் ஜாலம் அது. நாங்கள் போனில் அனுப்பிய படத்திலோ வெறும் நீலம்தான் விழுந்திருந்தது. "வேற சேலைய அனுப்பிட்டீங்க" என்று கல்யாண வீட்டார் கொதித்துவிட்டார்கள். ஆரணியில் எங்கள் பட்டுக் கடையை நடத்திவந்த அண்ணனுக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது. "பெரிய பேஜாரா கீதுடா. இனிமே வெளியூருக்குப் போன்ல விக்கிறதே வேணாம்" என்றார். வெளியூர் வியாபாரம் நின்றால் கடையே படுத்துவிடும்.

எனக்குத்தான் வாய் நிறைய யோசனை ஆயிற்றே! "போனைச் சாய்ச்சா சேலையும் நிறம் மாறணும். ஒரு ஆப் போட்டா முடிஞ்சுது" என்று பெருமையாக அறிவித்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த அண்ணி, லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து, "வெளிச்சம் எந்தப் பக்கத்திலருந்து வருது தம்பி?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன், பிறகு டியூப்லைட்டைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அண்ணி செய்ததை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. மொட்டை மாடி வெயிலிலும் கடை டியூப்லைட்டின் கீழும் சேலையை இம்மி இம்மியாகச் சாய்த்துப் படமெடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். நிறம் சரியாக வந்தபோது ஜரிகை செத்துக் கிடந்தது. ஜரிகை மின்னியபோது பழைய போன்கள் அப்படியே நின்றுபோயின. "இன்னா அண்ணி, சின்ன விஷயத்தை இப்படி இழுத்துகினே இருக்கீங்க?" என்று நச்சரித்தேன். "உங்க யோசனைல கை நடுங்கறவங்க யாரும் இல்ல தம்பி. சேலை வாங்கறவங்கள்ல இருக்காங்க" என்று சிரித்தார். நடுங்கும் கையிலும் நிறம் படபடக்காமல் மாறுவதற்காக மட்டும் வாரக்கணக்கில் உழைத்தார். அம்மாடி, என்ன பொறுமை! என் ஒற்றை வரி யோசனைக்குள் இத்தனை கேள்விகள் இருப்பது எனக்கே தெரியாது.

இப்போது நானும் மென்பொருள் ஆட்களோடுதான் வேலை செய்கிறேன். "சார், சூப்பர் ஐடியா" என்று யாராவது ஓடிவந்தால் சந்தோஷமாகக் கேட்கிறேன். கண் மட்டும் அதைச் செய்யப்போகிறவரைத் தேடுகிறது.

ஆப் முடிந்த அன்று காலை கடை திறந்ததும் அண்ணி போனை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் நம்பிக்கையில்லாமல்தான் சாய்த்தார். நீலம் மெல்லப் பச்சைக்குள் இறங்கியது. மறுபடி சாய்த்தார். பட்டைத் தொட்டே தரம் சொல்கிற அந்த மனிதர், தன்னையறியாமல் போனின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.