தர்வாத்த வேட்டை

"சிக்கினியா! இங்கதான் ஒளிஞ்சிக்கினு இருக்கியா நீ!" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கத்துகிறாள் கல்பனா. திருப்பதியில் ஒரு மாடியறையில் நடக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்கு எடைச்சீட்டு போடும் புரோகிராம் அவள் பொறுப்பு.

அதை எழுதிய கிரண்குமார், இரண்டாயிரமாம் ஆண்டுக் கம்ப்யூட்டர் கோளாறைச் சரிசெய்ய ஆள் எடுத்த ஒய்டூகே ஜோரில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டான். மகா கெட்டிக்காரன், அதைவிட அவசரக்காரன். புரோகிராமில் அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட இடத்திலெல்லாம் 'தர்வாத்த' என்று எழுதிவைத்திருக்கிறான். தெலுங்கில் 'அப்புறம்' என்று அர்த்தம். அந்த அப்புறம் வந்தால்தானே! காலையில் அந்தச் சொல்லைத் தேடிப்பிடித்து, ஒன்றையாவது ஒழித்துக்கட்டினால்தான் கல்பனாவுக்குக் காப்பி இறங்கும்.

ஒரே மாங்காய்க்கு இந்தப் பக்கம் மூன்று பெயர்கள். வியாபாரிக்குத் தோத்தாபுரி, சித்தூர்க்காரருக்குப் பெங்களூரா, எல்லையோரத் தமிழருக்குக் கிளிமூக்கு. கிரண்குமார் என்ன செய்தான் தெரியுமா? பெயருக்கு ஒன்றாக முழுக்கணக்கையும் மூன்று நகல் எடுத்துவிட்டான்! ஒன்றில், எடையில் தள்ளும் கழிவை மாற்றினால் மற்ற இரண்டும் பழைய பாட்டையே பாடும். போன சீசனில் ஒரே சரக்குக்கு இரண்டு எடை வந்து மண்டியே அமளிதுமளிப்பட்டது.

"மூணையும் ஒண்ணாக்கிடறேன் சார்" என்றாள்.

"ஓடிக்கினு இருக்கறத ஏம்மா நோண்டறே? சீசன்ல நின்னுச்சுன்னா மண்டிக்காரங்க நம்மள விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று நெளிந்தார் முதலாளி வரதராஜன்.

"நின்னா நான் வேலைய விட்டுடறேன் சார்!"

வீட்டில் மாதச் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். இருந்தும் வாயைக் கொடுத்துவிட்டாள்.

மூன்றையும் ஒன்றாக்கி முடித்து, சீசன் முதல் நாள் மண்டியிலேயே போய் உட்கார்ந்தாள்.

"கிளிமூக்குன்னு போடும்மா" என்றார் விவசாயி அப்பாவு. "தோத்தாபுரி ராயம்மா" என்று தெலுங்கில் எழுதச் சொன்னார் அதே சரக்கை வாங்கிய வியாபாரி. இரண்டு சீட்டிலும் ஒரே எடை! கல்பனா துள்ளிக் குதித்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

அதற்குள் வரதராஜன் ஓடிவந்தார். "மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் அடிபட்ட பழத்துக்குத் தனிக் கழிவு கேக்கறான்மா. இப்போதிக்கி எதையாவது ஒட்டிவுடு!"

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. அவள் விரல்கள் பறந்தன. ஒட்டு விழுந்தது, பக்கத்தில் ஒரு சொல்லும் பாதி முளைத்தது: 'தர்வா'.

"அய்யோ, நானா!" வாய்விட்டுச் சிரித்தாள். "ஃபேக்டரிக்காரர கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க சார்."

ஒட்டோடு சேர்த்து அந்தச் சொல்லையும் எழுத்தெழுத்தாய் அழித்தாள். நாற்காலியை நிமிர்த்தி, முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.