முதலில் வரைந்த கண்

எங்கள் தோட்டத்தில் தேயிலை கிடையாது. கொழும்புக்கு ஓவியம் படிக்கப் போன நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தோட்டத்துப் பிள்ளை என்று கேள்விப்பட்டதுமே எதிரில் இருப்பவர் மனதுக்குள் என் முதுகில் ஒரு கூடையை மாட்டிவிடுவார். கடைசி வருட வேலைக்கு அவரவர் ஊரை வரைந்து கொண்டுவாருங்கள் என்று சொன்ன விரிவுரையாளரும் அப்படித்தான். நான் ரப்பர் மரங்களைக் கொண்டுபோனேன். பட்டையில் கத்தி போன சாய்ந்த கோடு, அதன் கீழே பால் வடிகிற சிரட்டை, மழைக்காக மரத்தின் இடுப்பில் கட்டிவிடும் பிளாஸ்டிக் பாவாடை, எல்லாம் இருந்தன. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, தேயிலை எங்கே?" என்று கேட்டார். வந்த கோபத்தில் அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். லீவும் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது, அதனால் என் கோபத்துக்கு மரியாதை கெடவில்லை.

அவிசாவளையில் பஸ் மாறினால் தெரணியகலை வரைக்கும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். "இஸ்ஸரஹட்ட யன்ன நங்கி" என்று கண்டக்டர் என்னை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். முன்னால் போக இடம் இருந்தால் போக மாட்டேனா? வளைவுகளில் தொங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போனதும் வரையப்போகிற படங்கள் தலைக்குள் முட்டி மோதும். புகைக்கூட்டில் காய்கிற ரப்பர் ஷீட்டின் நிறம் எந்தப் பெட்டியிலும் கிடைக்காது. தேனும் இல்லை, பாலில்லாத சாயத் தேத்தண்ணியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதை எப்படியாவது காகிதத்தில் இறக்கிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் துடித்துக்கொண்டு வருவேன். வந்து இரண்டு நாள் ஆனதும் கொழும்புக்கு ஓடிவிடலாம் போல் இருக்கும். கொழும்பில் இருந்தால் இங்கே வரத் தோன்றும். எனக்கு உட்கார வராது என்று அம்மா சொல்வாள். சொல்கிறவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் மலையேறுவாள். வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து, கோழியைத் துரத்தி, எதுவும் இல்லாவிட்டால் கழுவிய சட்டியையே மறுபடி கழுவுவாள். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்தார், மாதம் ஒருமுறை வந்து போவார். மழை பிடித்து வேலை நின்ற நாட்களில் மட்டும் நான் அம்மாவை மடக்கிப் பிடித்து வரைவேன். முழு உருவம் ஒருநாளும் முடிந்ததில்லை. கண்ணைத் தாண்டுவதற்குள் எழுந்து போய்விடுவாள். ஆகவே என்னிடம் அம்மாவின் கண்கள் கத்தை கத்தையாக இருந்தன, மூக்கும் வாயும் இல்லாமல்.

அப்படித்தான் கண்ணை முதலில் வரைகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. பெரிய வடிவத்தைப் பிடி, கண்ணெல்லாம் கடைசியில் என்று வகுப்பில் எத்தனையோ தரம் திட்டு வாங்கியிருக்கிறேன். நான் கேட்டால்தானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு நாங்கள் இருக்கிற லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். கும்பிடப் போகிறாள் என்றுதான் பெயர், போவது சண்டைக்கு. உள்ளே கல்லில் நட்ட சூலம் ஒன்றுதான், வேறு உருவம் கிடையாது. அதன் முன்னால் நின்றுகொண்டு, "கண்ணு இருக்கா இல்லையா ஒனக்கு? எம்புள்ள படிச்சி முடிக்க வேணாமா? அந்த மனுசனுக்கு முட்டி வலின்னு எத்தன வாரமா சொல்றேன்?" என்று ஆரம்பிப்பாள். வெளியே கேட்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள், மற்ற பெண்களும் அதையேதான் கொஞ்சம் மெதுவாகச் செய்தார்கள். திரும்பி வரும்போது அம்மாவின் முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். மனிதர்கள் யாரிடமும் அவள் எதையும் கேட்டதில்லை. அப்பாவிடம்கூட.

நான் போன அந்த வாரம் திருவிழாவுக்குக் கோயிலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சூலத்துக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருக்கிறது, அம்மனை வரைந்து கொடுக்க முடியுமா என்று பூசாரி அண்ணன் கேட்டார். அவர் மற்ற நாட்களில் த்ரீவீல் ஓட்டுகிறவர், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலை கேட்காத முதல் ஆள். யட்டியாந்தோட்டைக்குப் போய் பெயின்ட் வாங்கினோம். மறுநாள் காலையில் பாசி சுரண்டி, வெள்ளை அடித்துக் காய்ந்திருந்த சுவர் முன்னால் நின்றேன். கை பரபரத்தது. கரிக்கோடு கூடச் சரியாகப் போடவில்லை, நேரே இரண்டு கண்களை வரைந்தேன். கறுப்பு மணி, வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. என்னுடைய வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக, அவ்வளவு நிச்சயமாக எதையும் வரைந்ததில்லை.

மத்தியானம் த்ரீவீலை நிறுத்திவிட்டு உள்ளே வந்த பூசாரி அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"கண்ணத் தெறந்துட்டீங்களே!"

சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள் என்று எனக்கும் தெரியும். சுவரில் வரைகிற படத்துக்கும் அது உண்டு என்று யோசிக்கவே இல்லை. வெளியூர் ஆட்கள் கோயிலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தால் வேட்டியைக் கட்டி மறைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள், எங்களை எட்டிப் பார்க்க விட மாட்டார்கள். அந்த வேட்டிக்குள்ளே என்ன வரிசையில் வேலை நடந்தது என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் செருப்பைத் தூரப் போட்டுவிட்டு ஓடிப்போய் விளக்கைக் கொண்டுவந்து ஏற்றினார். கண் திறந்துவிட்டது, அம்மன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், இனி இரண்டு வேளையும் விளக்கு வைத்தே ஆக வேண்டும், வாயும் கையும் இல்லாமல் அவளைப் பாதியில் விட்டுவிட்டு நான் எங்கேயும் போகக் கூடாது, முடிக்கிற வரை எங்கள் வீட்டில் கருவாடும் கூடாது என்று அடுக்கினார். கருவாட்டைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் பெரிசு என்று உறைத்தது.

அதைவிடப் பெரிசு சாயங்காலம் வந்தது. வேலை விட்டு வந்த பெண்கள் விளக்கைப் பார்த்துக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஒருத்தி வாயில் கையை வைத்தாள். "ஆத்தீ, இது நம்ம மேல் லயத்து அக்காவுல்ல!"

மேல் லயத்து அக்கா என்றால் என் அம்மா.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. என் கைக்குத் தெரிந்த கண் அது ஒன்றுதான், சுவரைக் கண்டதும் அதைப் போட்டுவிட்டது. அம்மா மற்றவர்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்த அடுத்த நிமிடமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எனக்கு நானே கையெடுத்துக் கும்புடணுமா? பைத்தியக்காரின்னு சொல்ல மாட்டாங்க?" என்றாள். "அழிச்சிரு."

அழிக்க அண்ணன் விடவில்லை. இமையைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன், ஓரத்தைக் கொஞ்சம் நீட்டிவிடுகிறேன், ஒரே ஒரு நிமிடம் என்று கெஞ்சினேன். "தெறந்த கண்ணுல பிரஸ் வைக்கக் கூடாது தங்கச்சி. குத்துற மாதிரி" என்றார். சரி, கண்ணைத் தொடாமல் மற்றதை மாற்றுகிறேன் என்று இறங்கினேன். புருவத்தைத் தடிப்பாக்கினேன். மூக்குத்தியை அகலமாக வைத்தேன். நெற்றி நிறையப் பொட்டு, தலைக்கு மேலே சுவரின் விளிம்பு வரைக்கும் கிரீடம். நகை ஏற ஏற அது அம்மா இல்லாமல் போகும் என்று நினைத்தேன். கடைசியில் என் அம்மா கல்யாண வீட்டுக்குக் கிளம்பி நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. வேலை என்று பார்த்தால் நான் செய்ததில் நல்ல வேலை அதுதான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகவில்லை. வெள்ளை அடித்த வாரமும் உள்ளே போக முடியாமல் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள், அது வேறு. இப்போது விளக்கு எரிந்தது, மணி அடித்தது, எல்லாரும் போனார்கள், அம்மா குசினியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லையா என்று கேட்டேன். அடுப்பைக் காட்டினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. முன்னால் அம்மனிடம் கேட்டதையெல்லாம் அம்மா இப்போது யாரிடமும் கேட்கவில்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு முட்டி வலி கூடிவிட்டது என்று போன் வந்தது, "சரி" என்று மட்டும் சொன்னாள். எண்ணெய்ப் போத்தல் கைதவறி விழுந்ததற்கு என்னை ஏசியிருக்கலாம், அதுவும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. ஒரு மனுஷிக்கு இருந்த ஒரே பேச்சுத் துணையை ஒரு பெயின்ட் டின்னை வைத்து மூடிவிட்டேன். சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏறி, கொழும்பில் இருந்த தோழிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அய்யோ சூப்பர், இதையே கடைசி வருட வேலையாக வை" என்றாள். போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை. மூன்று நிமிடம் முன்னால் நானும் அதைத்தான் நினைத்தேன், அதுதான் எரிச்சல்.

லீவு முடிந்து நான் கிளம்ப வேண்டிய நாள் சனிக்கிழமையில் விழுந்தது. முந்தின நாள் வெள்ளி, காலையிலிருந்து மழை, வேலை இல்லை. சாயங்காலம் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தபோது நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"நீங்க இன்னைக்குக் கோயிலுக்குப் போகலன்னா நான் நாளைக்குக் கொழும்புக்குப் போக மாட்டேன்."

"போகாட்டிப் பரீட்சைய யாரு எழுதுறது, ஒங்கப்பனா?"

"நான் கெட்டுப்போறேன். எனக்காக யாரு அம்மன்கிட்ட கேக்குறா இப்ப?"

அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அம்மா கொடியில் கிடந்த சேலையை உதறினாள். எத்தனை தரம் துவைத்தாலும் போகாத பால்கறை இல்லாத சேலையாகத் தேடி எடுத்து உடுத்தினாள், தலையைச் சீவினாள், கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பின்னாலேயே போனேன். கோயிலில் யாரும் இல்லை. அண்ணன் விளக்கு வைத்துவிட்டு த்ரீவீல் ஹயர் ஒன்றுக்குப் போயிருந்தார். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன்.

உள்ளே சண்டை தொடங்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்தேன். கண்ணு இருக்கா இல்லையா என்று கேட்க இனி வழியில்லை, வேறு என்ன சொல்லி ஆரம்பிப்பாள் என்று யோசித்தேன். சத்தமே வரவில்லை. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். அம்மா கும்பிடக்கூட இல்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, தலையை நிமிர்த்திச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் இருந்தவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நான் பார்த்ததில்லை, வரையத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்துக் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரியும் இல்லை, கோபமாகவும் இல்லை. செருப்பைத் தேடினாள்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"இல்ல."

"அப்பாவோட முட்டி?"

"இல்லடி."

"ஏம்மா? இவ்வளவு நேரம் நின்னீங்களே?"

அம்மா படியில் உட்கார்ந்தாள்.

"எப்படிடி கேக்குறது? அவ மொகத்தப் பாத்தியா? விடியக்காலமே எந்திரிச்சவ இன்னும் ஒக்காராத மாதிரி நிக்கிறா. பாவமா இருக்கு. அவகிட்ட போயி இதக் குடு அதக் குடுன்னு கேக்க எனக்கு வாய் வரல."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"சாப்பிட்டியா தாயின்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்."