பெயிண்ட் கடைக்குள் நானும் ஒரு கெர்னலும்

சின்னக் கடைகளுக்காக நானே ஒரு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரிக்கிறேன். உழவர்கரையில் அந்தோணி அண்ணனின் பெயிண்ட் கடைக் கம்ப்யூட்டரில் இன்று அதைப் போட்டேன்.

சீக்கிரம் பூட் ஆகட்டும் என்று அதன் மையமான கெர்னலில், ஒவ்வொரு கருவியையும் இயக்கும் மாட்யூல்களில் தேவையில்லாததை எல்லாம் கழற்றினேன். ஏதாவது ஆனால் திரும்பிப் போக இருந்த பழைய கெர்னலையும் வீராப்பாக அழித்தேன்.

நான்கே நொடியில் கிளம்பி, டிஸ்க்கைத் திறக்க பாஸ்வேர்ட் கேட்டது. தட்டினேன். ஒரு எழுத்துகூட விழவில்லை. யுஎஸ்பி கீபோர்டுக்கான மாட்யூலையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறேன்.

"பாஸ்வேர்ட் தெரியுமில்ல?" என்றார் அண்ணன்.

"தெரியும்ண்ணே. அடிக்கத்தான் முடியல."

"நாலு மணிக்குள்ள அடிச்சிடு. நான் சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

என்னை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

போனில் இதைப் படிக்கும் உழவர்கரைக்காரர்கள் யாரிடமாவது உருண்டை முனை வைத்த பழைய கீபோர்டு இருக்கிறதா? அதற்கான மாட்யூலை மட்டும் கழற்ற மறந்திருக்கிறேன்.

ஷட்டருக்கு அடியில் நுழையும். அளந்துவிட்டேன்.