புளி போட்டுக் கழுவிய பெட்ரோல் டேங்க்

பெட்ரோல் வாசனையோடு புளி வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

எனக்குத் தெரியும். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் நானும் அக்காவும் வாடகைக்கு இருந்த பழைய பிளாட்டின் பாத்ரூம் இரண்டு வாரம் அப்படித்தான் மணத்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஏழு மாதம் வேலை இல்லாமல் வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வழியாக, பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற டிஸ்பேட்ச் ரைடர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். மேனேஜர் நம்ம ஆள்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள... மழையில ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன் சார்."

"சரி, திங்கக்கிழம எட்டரைக்கு வண்டியோட வாங்க. வண்டி இல்லன்னா வேற ஆள் ரெடியா இருக்கு லா."

வண்டி இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒருவரிடம் வாங்கியது. ஆனால் மாதக்கணக்காகக் கார்பார்க்கில் நின்றதில் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. ஸ்டார்ட் ஆகும், இருமும், செத்துப்போகும். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "வியாழக்கிழம பாக்கலாம்" என்கிறார். அன்றைக்குச் சனிக்கிழமை!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு துலக்குகிற அக்காதான் சொன்னாள்.

"விளக்குல பச்ச புடிச்சா புளி போட்டுத்தானே தேய்க்கிறோம்? இதுவும் போவும்டி. ஊத்திப் பாரு."

உடனே தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் பஸ் ஏறினோம். நாலு பாக்கெட் புளியைக் கவுண்டரில் வைத்ததும் கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இத்தன புளியா? வீட்டுல வளைகாப்பாம்மா?" அக்கா சிரிக்காமல் தலையாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து டேங்கைக் கழற்றி, இருந்த பெட்ரோலை வடித்து, புளியை வெந்நீரில் கரைத்தேன். "ரெண்டு தடவ வடி. துணியில வடி" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா குளிக்கப் போனாள். நான் டீ வடிகட்டியில் ஒரு தடவை வடித்தேன். அவ்வளவுதான் பொறுமை.

புளித்தண்ணீரோடு ஒரு கைப்பிடி இரும்பு நட்டுகளையும் உள்ளே போட்டு, பாத்ரூமில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். சத்தம் பிளாக்கையே எழுப்பியிருக்கும். கீழ்வீட்டுச் சீன அங்கிள் மேலே வந்துவிட்டார்.

"ஹலோ, வாட் யூ குக்கிங் லா?"

"ரசம், அங்கிள்" என்றாள் அக்கா.

மறுநாள் காலைவரை அப்படியே ஊற விட வேண்டும். நானோ அரைமணிக்கு ஒருதரம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். "திறந்து திறந்து பாத்தா சீக்கிரம் ஊறிடுமா?" என்று அக்கா திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டினோம். கோப்பி மாதிரி வந்தது! துருவும் போயிருந்தது. நட்டுகளை எடுத்துவிட்டு, நன்றாக அலசி, காரிடார் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மாட்டிப் பெட்ரோல் ஊற்றியதும் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாவது சிக்னல் தாண்டியதும் நின்றுவிட்டது.

வீடுவரை தள்ளினோம். நான் ஹேண்டிலைப் பிடிக்க, அக்கா பின்னாலிருந்து தள்ளினாள். கார்பார்க்கில் பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தால்... கொத்தாகப் புளி நார்.

"எத்தன தடவ வடிச்ச?"

"...ஒரு தடவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அக்கா மாடிக்குப் போய்த் தன் பழைய காட்டன் துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பெட்ரோலை முழுக்க வடித்து, அதே பெட்ரோலைத் துணியில் வடிகட்டி, திரும்ப ஊற்றி, குலுக்கி, மறுபடி வடித்து... துணியில் ஒரு நார்கூட ஒட்டாமல் போகும் வரைக்கும் செய்துகொண்டே இருந்தாள். என்னைத் தொட விடவில்லை.

திங்கட்கிழமை எட்டு இருபதுக்கு ஆபீஸ் வாசலில் நின்றேன். மேனேஜர் கீழே வந்து தானே ஸ்டார்ட் செய்து பார்த்தார். "ம்ம். மழக்கோட்டு வாங்கிக்குங்க" என்றார். நாலு வருடம் ஓட்டினேன். கேலாங், கிளமெண்டி, ஜூரோங் என்று ஒரே நாளில் தீவையே சுற்றியிருக்கிறேன்.

இப்போது அக்கா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். எனக்கு ஏசி ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. போன மாதம் போனில் பேசும்போது இந்தப் புளிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு வண்டி வழியில நின்னப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இவ இனிமே ரோட்ல போவ மாட்டான்னு நெனச்சேன். அப்புறம் நீ அழுதியா... பாக்க முடியல. நாலு வருஷமும் நீ வர்ற வரைக்கும் ஜன்னல்லயேதான் நின்னேன் லா."

அந்த நாலு வருடத்தில் ஒரு நாள்கூட, வந்துகொண்டிருக்கிறேன் என்று வழியில் நின்று அவளுக்கு ஒரு போன் செய்ததில்லை. அவ்வளவு அவசரம் எனக்கு.

இன்றும் என்னால் சும்மா உட்கார முடியாதுதான். எம்ஆர்டி ரயில் கதவு திறப்பதற்குள் எழுந்து நிற்கிற ஆள் நான். அன்றைக்காவது ஓட ஒரு காரணம் இருந்தது. இப்போது என்ன அவசரம் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் இந்த ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் ஒரு மெசேஜ் அனுப்புகிறேன்.

"வந்துட்டேன்கா."

அடுத்த நிமிடமே பதில் வந்துவிடுகிறது. அவள் இன்னும் வழி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் போல.