வேலழகன் ஏன் மறுபடி விழுந்தான்?

என்னைத் திட்டும் வாசகர்கள் உண்டு. பெரும்பாலும் தபால் கார்டில் திட்டுவார்கள். வீட்டுக்கே வரவழைத்து, சோறு போட்டுத் திட்டியது திருப்பாலைக்குடி மைமூன் பீவி ஒருவர்தான்!

ஐப்பசியில் ஆரம்பித்த விஷயம். போன வாரம்தான் முடிவு தெரிந்தது. அதனால் இன்று தைரியமாகச் சொல்கிறேன்.

இதே பத்திரிகையில் நான் எழுதும் தொடர்கதையின் கதாநாயகன், குதிரைப்படைத் தலைவன் வேலழகன், கோட்டை மதிலிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு வாரம் அவனைப் படுக்கையில் போட்டிருந்தேன். எட்டாவது வாரம் எனக்குப் பல்வலி. கதையை எப்படியாவது நகர்த்த வேண்டுமே? ஒரு வைத்தியரை வரவழைத்தேன். ஏதோ ஒரு பச்சிலை... ஒரே ராத்திரி... மறுநாள் காலையில் வேலழகன் குதிரை மேல்!

அடுத்த வாரமே கார்டு வந்தது. ‘தங்கள் கதையில் வேலழகன் குணமானது செல்லாது. நேரில் வரவும். — சுல்தான், திருப்பாலைக்குடி.’

செல்லாதா? நான் எழுதியது என்ன வீட்டுப் பத்திரமா, செல்லாமல் போக? கோபத்தோடுதான் பஸ் ஏறினேன்.

சுல்தானுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் சரக்கு கொண்டுபோகும் தோணியை நடத்துகிற தண்டல். சிக்கிக்கொண்ட கயிற்றை எடுத்துவிடப் பாய்மரத்தில் ஏறியவர், பிடி நழுவித் தளத்தில் விழுந்துவிட்டார். தொடை எலும்பு! அதுவும் வேலழகன் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு. கட்டுப் பிரித்தாகிவிட்டது, இனிக் காலை ஊன்றிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நான் போனபோது மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ‘வாங்க’ என்று சொன்னதோடு சரி.

கார்டை எழுதியது அவர் இல்லை. அவர் பெயரில் அவர் மனைவி எழுதியிருக்கிறார்.

எனக்குச் சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும் வந்தன. கூடவே கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைமூன் பீவியின் குரலும் வந்தது.

“அண்ணே, சாப்புட்டுக்கிட்டே கேளுங்க. வாராவாரம் நாந்தான் இவுகளுக்குப் படிச்சுக் காட்டுறேன். வேலழகன் பல்லைக் கடிச்சான்னு படிச்சா இவுகளும் கடிப்பாக. அவன் காலைத் தொங்கப் போட்டா இவுகளும் தொங்கப் போடுவாக. ஒரு நா சுவத்தைப் புடிச்சு நின்னே போட்டாக, அல்ஹம்துலில்லாஹ்! அந்த நேரம் பாத்து நீங்க பச்சிலையக் கொண்டாந்துட்டீக. அன்னையிலருந்து காலைத் தரையில வைக்க மாட்டேங்குறாக. இதுக்கு என்ன பதிலு சொல்றீக?”



“ஏன் தண்டல், கதைதானே?” என்றேன், கட்டிலைப் பார்த்து.

சுல்தான் மெல்லத் திரும்பினார். “கதைதான் சார். நானும் அவனும் ஒண்ணாப் படுத்துக் கெடந்தோம். அவன் ஒரே ராத்திரியில எந்திரிச்சுக் குதிரையில போயிட்டான். என்னைய இங்கனயே விட்டுட்டுப் போயிட்டான்.”

நான் கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்தேன். “எனக்குக் கால் முறிந்ததில்லை. அதுதான் தப்பாக எழுதிவிட்டேன். நிஜத்தில் எப்படி இருக்கும், சொல்லுங்களேன்.”

முதலில் முனகினார். பிறகு சொன்னார். காலைத் தொங்கவிட்டதும் ரத்தம் இறங்கி எறும்பு மொய்க்கிற மாதிரி இருக்குமாம். பாதம் தரையில் பட்டால் அது யாருடைய பாதமோ என்று தோன்றுமாம். “வலி கூடப் பரவாயில்ல சார். விழுந்துருவோமோங்குற பயம் இருக்கே...” சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த இதழில் வேலழகன் குதிரையிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தான். பச்சிலை வலியை மரக்கடித்ததே தவிர எலும்பை ஒன்றும் செய்யவில்லை!

ஆசிரியர் அலறினார். “கதாநாயகனை ரெண்டாவது தடவை படுக்கப் போடுறீரா? வாசகர் ஓடிப்போயிடுவாங்க ஐயா!”

ஓடவா செய்தீர்கள்? கடிதமாய் எழுதிக் குவித்தீர்கள். பரமக்குடியிலிருந்து ஒரு நெசவாளர் வேலழகன் காலுக்குத் தடவ ஒரு சீசா தைலமே அனுப்பிவிட்டார். (என் முழங்காலுக்கு நன்றாகக் கேட்டது.)

நல்லவனை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்று கேட்பவர்களேதான், அவனைச் சீக்கிரம் எழுப்பிவிட்டால் சண்டைக்கு வருகிறார்கள். ஏன்? விழாத வீரனை நாம் அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். விழுந்து, பயந்து, முக்கி முனகி எழுகிறவனுக்குத்தான் நாம் தோள் கொடுக்க முடியும். அவன் நின்றதும், நாமும் சேர்ந்து தூக்கினோம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். அதில் என்னைப் போன்றவன் குறுக்குவழி போனால் கோபம் வராதா?

அப்புறம் திருப்பாலைக்குடியிலிருந்து வாராவாரம் கார்டு வந்தது. இப்போது கையெழுத்து சுல்தானுடையது. ‘இன்று நாலு அடி.’ ‘வாசல் வரை.’ ஒரு வாரம், ‘விழுந்தேன். எழுந்தேன்.’ இன்னொரு வாரம், ‘பள்ளிவாசலுக்கு நடந்தே போனேன்.’ அவர் நடந்த பிறகுதான் நான் வேலழகனை நடக்கவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடற்கரையில் ஒரே கூட்டம். நானும் நின்றேன். சுல்தான் லேசாகச் சாய்ந்து சாய்ந்து பலகையில் நடந்து தோணியில் ஏறினார். யாரோ கை நீட்டினார்கள், அவர் பிடிக்கவில்லை. தளத்தில் நின்று பாய்மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்தார். சுக்கானைப் பிடித்தார்.

“ஏலே, பாயை ஏத்துங்கலே!”

பாய் புடைத்தது. கரையில் எழுந்த கைதட்டலில் என் கையும் சிவந்துவிட்டது.

பெண்கள் கூட்டத்திலிருந்து பழகிய குரல் ஒன்று கேட்டது. “அண்ணே, உங்க வேலழகன் இப்ப எம்புட்டுத் தூரம் நடக்குறான்?”

“இன்னும் கம்பு ஊன்றித்தான்...” என்று இழுத்தேன்.

“வெரசா நடக்கச் சொல்லுங்க. எங்க ஆளு கடலுக்கே போயாச்சு!”