மோரில் ஊறிய எல்டர்பெர்ரி

பயம் என்னோடு கூடப் பிறந்தது. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். அதனால் வீட்டில் என் பயத்துக்கு மதிப்பில்லை. எல்டர்பெர்ரி விஷயம் மட்டும் வேறு. வெளிநாட்டில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷன் வீட்டுக்குப் பின்னால் அதில் இரண்டு செடி வைத்து நான்கு வருடமாகிறது. பழத்தைப் பச்சையாகத் தின்றால் வாந்தி வரும், வயிற்றைக் கலக்கும். இலையும் காம்பும் ஆகவே ஆகாது. நன்றாகக் கறுத்த பழத்தை மட்டும் உதிர்த்து, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறியபின் தேன் கலந்து சளி இருமலுக்கென்று பாட்டிலில் ஊற்றி வைப்பேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். செடி விற்ற நர்சரிக்காரப் பெண்மணியிடம் மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் இதைப் படித்துக்கொண்டேன்.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம், பின்பக்க மர டெக்கில் தட்டு நிறையக் கறுப்பாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. கிட்டே போனால் மோர் வாசனை. என் கணவர் வீடியோ காலில் தேனியிலிருக்கும் அவர் அம்மாவுக்குச் செடியைக் காட்டியிருக்கிறார். மணத்தக்காளி மாதிரியே இருக்கிறதே என்றாராம் அத்தை. இவருக்கு அது போதாதா? எனக்குத் தெரியாமல் கராஜ் ஃபிரிட்ஜில் உப்பு மோரில் ஊறப்போட்டு, காம்போடு வற்றல் போட்டுவிட்டார். வத்தக்குழம்புக்குப் புளிகூட ஊறிக்கொண்டிருந்தது.

"இது மணத்தக்காளி இல்லைங்க. கொட்டிடுங்க" என்றேன்.

"நெய்ல வறுத்தா எல்லாம் சரியாயிடும். நீ எதுக்குத்தான் பயப்படல?"

"பயந்து சொல்லலைங்க. தெரிஞ்சு சொல்றேன்."

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இப்படி ஒரு பேச்சை அவர் என்னிடம் கேட்டதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவரே குப்பையில் கொட்டிவிட்டு வந்தார்.

குழம்பில் கத்தரிக்காய் போட்டேன். இரண்டாம் முறை சோறு கேட்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"காலைல ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஆகாதுல்ல?"

காலையில் என்றால் ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. முகம் தெளிவாக இருந்தது, பசியும் நன்றாக எடுத்திருந்தது.

"ஒண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. சாப்பிடுங்க" என்று சோறு போட்டேன்.

கை கழுவும்போது ஒரு முறை கேட்டார். படுக்கப் போகும்போது இன்னொரு முறை. இரண்டு முறையும் அதே பதிலைச் சொன்னேன். அன்றைக்கு அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க நான் எழுந்து போகவில்லை.